போக ஒரு விலை, வர ஒரு விலை

தீபாவளிக்கு முந்தின நாள் சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு விமான டிக்கெட் தேடிய வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: “அதே விமானம்தான் கொஞ்ச நேரத்தில் சென்னைக்குத் திரும்புகிறது. அதில் டிக்கெட் மூன்றில் ஒரு பங்கு விலைதான். எதிர்க்காற்றில் எரிபொருள் கூடுதலாகச் செலவாகுமோ?”

காற்றின் மேல் பழி போட வேண்டாம். லண்டனிலிருந்து நியூயார்க் போகும் விமானம் மேலைக்காற்றை எதிர்த்துப் பறப்பதால் கூடுதல் நேரம் எடுக்கும் என்பது உண்மை. தெற்கு வடக்காகப் பறக்கும் நம் விமானத்துக்கு அந்தத் தொல்லை குறைவு. விமானி சம்பளம், எரிபொருள், பராமரிப்பு எல்லாம் இரு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கூட்டம்தான் வேறு. பண்டிகைக்கு முன்னால் தெற்கே போகிறவர்கள் அதிகம், முடிந்ததும் வடக்கே வருகிறவர்கள் அதிகம். ஆம்னி பஸ்ஸில் போனவர்களுக்குப் புதுச் செய்தி இல்லை.

சரி, கூட்டம் எப்படி விலையாகிறது? அங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு ஒன்று இருக்கிறது.

1970களின் தொடக்கத்தில் பிரிட்டனின் பிஓஏசி விமான நிறுவனம் 21 நாள் முன்பே பதிவு செய்கிறவர்களுக்கு மலிவு டிக்கெட் தந்தது. மலிவாகவே விற்றுத் தீர்த்தால், கடைசி நேரத்தில் முழு விலை கொடுக்கத் தயாராக வருகிறவருக்கு இடமில்லை. அவருக்காகப் பிடித்து வைத்து அவர் வராமல் போனால் இருக்கை காலியாகப் பறக்கும். எத்தனை இருக்கைகளைப் பிடித்து வைப்பது? அங்கே வேலை பார்த்த கென் லிட்டில்வுட் 1972ல் ஒரு விதி சொன்னார்: முழு விலைக்காரர் வரும் நிகழ்தகவை முழு விலையால் பெருக்குங்கள். அது மலிவு விலையைவிட அதிகமாக இருக்கும்வரை அந்த இருக்கையை மலிவாக விற்காதீர்கள்.

கற்பனை எண்களைப் போட்டுப் பார்ப்போம். 78 இருக்கைகள். மலிவு விலை 4,000, முழு விலை 12,000. முந்தின நாள் தெற்கே போக, கடைசி நேரத்தில் 20 பேராவது வருவதற்கு வாய்ப்பு 90 சதவீதம். அப்படியானால் இருபதாவது இருக்கையைப் பிடித்து வைத்தால் எதிர்பார்க்கக்கூடிய வருமானம், 12,000த்தில் 90 சதவீதம், அதாவது 10,800. பிடித்து வை! 50 பேராவது வர வாய்ப்பு பாதிதான், 6,000. அப்போதும் 4,000ஐ விட மேல். அறுபதாவது இருக்கையில் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்காகி, 4,000ஐத் தொடுகிறது. அங்கே நிறுத்தலாம். மலிவுக்குக் கிடைப்பது 18 இருக்கைகள்தான். அவை எப்போதோ விற்றுப்போயிருக்கும்.

அதே விமானம் வடக்கே திரும்பும்போது, மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு ஐந்தாவது ஆளிலேயே வந்துவிடுகிறது. ஐந்தைப் பிடித்து வைத்தால் போதும், மீதி 73ம் மலிவு. விலைப்பட்டியலில் ஒரு ரூபாய்கூட மாறவில்லை. மலிவு விற்பனைக்குப் பூட்டுப் போடும் இடம்தான் மாறியது. இன்னொரு வேடிக்கை, இந்தச் சூத்திரத்தில் எரிபொருள் விலைக்கு இடமே இல்லை. விமானம் எப்படியும் பறக்கப்போகிறதே!

இன்று எகானமி வகுப்புக்குள்ளேயே பல விலைப்படிகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கில எழுத்து. கணக்கை கணினி ஓயாமல் திருத்துகிறது. வெளிநாட்டுப் பயணத்தில் வரியும் சேரும்: பிரிட்டனின் விமானப் பயணி வரி அங்கிருந்து கிளம்பும்போது மட்டுமே, வந்திறங்கும்போது கிடையாது. இத்தனைக்கும் அடியில் இருப்பது கல்லூரியில் நாம் மதிப்பெண்ணுக்காக உருப்போட்டு மறந்த நிகழ்தகவுதான். அதை ஒரு டிக்கெட்டை வைத்துச் சொல்லித்தர நம் பாடநூல்களுக்கு ஏனோ மனம் வருவதில்லை.

செவ்வாய்க்கிழமை நள்ளிரவில் வாங்கினால் மலிவு, இன்காக்னிட்டோவில் தேடினால் மலிவு என்பதெல்லாம் எனக்கு ராகுகாலம் பார்ப்பது போலத்தான். பலன் தரக்கூடிய சோதனை வேறு. நான்கு பேருக்குச் சேர்த்துத் தேடும்போது மலிவுப் படியில் இரண்டே இடம் மிச்சமிருந்தால், பெரும்பாலும் நான்கு பேருக்குமே அடுத்த உயர்ந்த படியின் விலையைத்தான் காட்டும். இரண்டிரண்டாகத் தேடிப் பாருங்கள்.