விலையை மறைக்காதீர்கள், குறையையும் மறைக்காதீர்கள்: ஆன்லைனில் விற்கும் சிறு வியாபாரிகளுக்கு

ஆன்லைனில் விற்பவர்களுக்குப் பொருள் விவரம், கேப்ஷன், வாட்ஸ்அப் பதில்கள் எழுதிக் கொடுப்பதும், அவர்கள் எழுதியதைத் திருத்திக் கொடுப்பதும் என் தொழில். வருகிறவர்களில் பெரும்பாலோர் வட சென்னைக்காரர்கள். தண்டையார்பேட்டையில் வீட்டிலேயே நைட்டி தைக்கும் அக்காக்கள், காசிமேட்டில் கருவாடு எடுத்து வெளியூருக்கு அனுப்புகிறவர்கள், கொடுங்கையூரில் மசாலாப் பொடி அரைப்பவர்கள். எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: பொருள் நன்றாக இருக்கிறது, படத்துக்கு லைக் விழுகிறது, ஆர்டர் வரவில்லை. போட்ட பதிவை வாங்கிப் படித்தால் காரணம் பெரும்பாலும் எழுத்திலேயே இருக்கும்.

"ப்ரீமியம் குவாலிட்டி, சூப்பர் சாஃப்ட், லிமிடெட் ஸ்டாக், விலைக்கு இன்பாக்ஸ் வரவும்." நைட்டி விற்கிறவர்கள் பாதிப் பேர் இப்படித்தான் எழுதுகிறார்கள். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு கடைக்குள் போனால் வாங்க வந்தவர் துணியைக் கசக்கிப் பார்ப்பார், சாயம் போகுமா, துவைத்தால் சுருங்குமா என்று கேட்பார், மேலே வைத்து உயரம் பார்ப்பார். போனில் பார்க்கிறவருக்கு இதில் எதுவும் முடியாது. அந்தக் கைக்கும் கண்ணுக்கும் பதிலாக இருப்பது உங்கள் வரிகள் மட்டும்தான். அதனால் இப்படி எழுதுங்கள்: "காட்டன் நைட்டி, 350 ரூபாய், சென்னைக்குள் டெலிவரி 50 ரூபாய், மொத்தம் 400 ரூபாய். மார்புச் சுற்றளவு 46 இன்ச், உயரம் 55 இன்ச். முதல் இரண்டு துவைப்பில் லேசாகச் சாயம் விடும், தனியாக நனையுங்கள்."

சாயம் விடும் என்று நாமே சொன்னால் யார் வாங்குவார்கள் என்று கேட்பார்கள். வாங்குவார்கள். சொல்லாமல் விற்று, வெள்ளைச் சட்டையோடு ஊறப்போட்டு அது நாசமானால்தான் அந்த வாடிக்கையாளர் திரும்பி வரமாட்டார். கருவாட்டுக்கும் இதேதான். "பாரம்பரியச் சுவையின் சங்கமம்" என்பதைவிட, "நெத்திலி, 250 கிராம். தலை கிள்ளி மணல் போகச் சுத்தம் செய்தது. உப்பு கொஞ்சம் தூக்கலாக இருக்கும், வெந்நீரில் ஊறவைத்துக் கழுவிச் சமையுங்கள்" என்ற வரி சமைக்கிறவருக்கு உதவும். வெளியூருக்கு அனுப்புகிறவர்கள் அந்த ஊரில் அந்த மீனை எப்படிச் சொல்வார்களோ அந்தப் பெயரையும் சேர்த்துப் போடுங்கள். நம் வஞ்சிரத்தைத் தூத்துக்குடிப் பக்கம் சீலா என்றுதான் தேடுவார்கள்.

விலையை இன்பாக்ஸில் சொல்லும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஆளைப் பார்த்து விலை சொல்கிறார்களோ என்ற சந்தேகம் அங்கேயே வந்துவிடுகிறது. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளும் மொத்த விலையை ஒரே தொகையாகவும், டெலிவரி உள்ளிட்ட கட்டணங்களைப் பிரித்தும் காட்டச் சொல்கின்றன. இன்ஸ்டாகிராம் கேப்ஷனில் 2,200 எழுத்துக்குறிகள் வரை போடலாம், ஆனால் தொட்டு விரிக்காதவரை முதல் ஓரிரு வரிதான் கண்ணில் படும். பொருள், அளவு, விலை மூன்றும் அங்கேயே வந்துவிட வேண்டும். பண்டிகை வாழ்த்தும் ஹேஷ்டேக்கும் கீழே இருக்கட்டும்.

எனக்கு உண்மையிலேயே பயம் தருகிற எழுத்து ஒன்று உண்டு. சத்துமாவு, மூலிகைப் பொடி, எண்ணெய் விற்கிறவர்கள் "சர்க்கரை நோய் அடியோடு போகும்" என்று சர்வசாதாரணமாக எழுதுகிறார்கள். அதை நம்பி யாராவது மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். உணவுப் பொருள் நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்ய 2018-இல் வந்த உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள் இடம் தரவில்லை. மருந்து என்று விற்றாலும் நீரிழிவு, புற்றுநோய் போன்றவை தீரும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்து, மாய நிவாரண விளம்பரச் சட்டமே தடைசெய்கிறது. பொய்யான விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும். வீட்டு வருமானத்துக்காக மாவு அரைக்கும் ஒருவரால் இதைத் தாங்க முடியாது. "கம்பு, கேழ்வரகு, பாசிப்பயறு வறுத்து அரைத்தது, சர்க்கரை சேர்க்கவில்லை" என்று உள்ளதை எழுதுங்கள், பக்கத்தில் எஃப்எஸ்எஸ்ஏஐ, அதாவது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், கொடுத்த 14 இலக்க எண்ணையும் போடுங்கள். பெரிய வாக்குறுதியைவிட அந்த எண்ணுக்கு மதிப்பு அதிகம்.

சரி, எழுத வரவில்லை என்கிறவர்களுக்கு நான் சொல்வது: முதலில் எழுதாதீர்கள், பேசுங்கள். எதிர்வீட்டு அக்கா வந்து கேட்டால் எப்படிச் சொல்வீர்களோ அப்படியே போனில் பதிவு செய்யுங்கள். அப்புறம் அதைக் கேட்டு எழுதி, திரும்பத் திரும்ப வந்ததை எடுத்துவிடுங்கள். வட சென்னைப் பேச்சை எழுதினால் மதிக்கமாட்டார்கள் என்று பலர் கூச்சப்படுகிறார்கள். அளவும் விலையும் எல்லா ஊருக்கும் புரிகிற தமிழில் இருந்தால் போதும், நடுவில் ஒரு "சோக்கா இருக்கும்" வருவதில் எந்தக் குறையும் இல்லை. கடன் வாங்கிய அலங்காரத்தைவிட அதில்தான் விற்கிறவரின் குரல் கேட்கிறது.

புகாருக்கு எழுதும் பதிலிலும் அந்தக் குரல் வேண்டும். மழைக்காலத்தில் வியாசர்பாடிப் பக்கம் தண்ணீர் நின்று கூரியர் தவறினால், "சிரமத்திற்கு வருந்துகிறோம்" என்று மட்டும் அனுப்பினால் கோபம்தான் கூடும். "அக்கா, மழையால் நேற்று உங்கள் பார்சல் கிளம்பவில்லை. நாளை மதியத்துக்குள் அனுப்பி டிராக்கிங் எண் தருகிறேன். காத்திருக்க முடியாது என்றால் சொல்லுங்கள், இன்றே பணத்தைத் திருப்பிப் போடுகிறேன்" என்று எழுதுங்கள். வாட்ஸ்அப் பிசினஸில் இதை விரைவுப் பதிலாகச் சேமித்து வைக்கலாம். ஆனால் அனுப்பும் முன் பெயரையும் நாளையும் பார்த்து மாற்றுங்கள், போன வாரம் இன்னொருவருக்குச் சொன்ன தேதி அதில் அப்படியே இருக்கக்கூடும்.