பை மாட்டும் கொக்கியில் தொடங்கும் பாடம்

சிறப்புப் பள்ளியின் கால அட்டவணையை வாங்கிப் பார்க்கும் பெற்றோர் முதலில் தேடுவது எழுத்தும் கணக்கும் எத்தனை மணிக்கு என்பதைத்தான். வந்து இறங்குவது, பையை மாட்டுவது, வட்டமாக உட்காருவது, கழிப்பறை, சாப்பாடு, கிளம்புவது எல்லாம் பாடங்களுக்கு நடுவே கழியும் நேரம் என்று தோன்றும். ஆசிரியர்களிலும் சிலர் அப்படி நினைப்பதுண்டு. ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, பெருமூளை வாதம் (மூளைப் பாதிப்பால் உடல் அசைவு சீராக வராத நிலை) உள்ள பல குழந்தைகளுக்கு அதிகம் கற்கக் கிடைப்பது அந்த நேரத்தில்தான். அது நாள் தவறாமல் வருகிறது. ஒரே இடத்தில், ஒரே பொருளோடு வருகிறது. செய்து முடித்தால் பலன் உடனே கண்ணில் தெரிகிறது. மேசையில் உட்கார்த்தி வைத்து நிறம் பிரிக்கச் சொல்லும் பயிற்சியில் இந்த மூன்றும் சேர்ந்து அமைவது அபூர்வம்.

பை மாட்டுவதையே எடுத்துக்கொள்வோம். கொக்கி, குழந்தையின் தோள் உயரத்தைத் தாண்டக் கூடாது. வீல்சேரில் வரும் குழந்தைக்கு உட்கார்ந்த நிலையில் உள்ள தோள் உயரம்தான் கணக்கு. கொக்கி மூலையில் இருந்தால் சக்கரம் இடிக்கும், கை எட்டாது. கொக்கிக்கு மேல் குழந்தையின் புகைப்படம். படத்தை அடையாளம் காணாத குழந்தைக்கு அதற்குப் பழக்கமான ஒரு பொருள். பார்வையில்லாத குழந்தைக்குத் தொட்டால் தெரியும் ஒரு துணித் துண்டு. அதே துணி அதன் நாற்காலி முதுகிலும் இருக்க வேண்டும்.

இனி வேலையைப் படிகளாகப் பிரிக்க வேண்டும். கொக்கி முன் வந்து நிற்பது, ஒரு தோள்பட்டியைக் கழற்றுவது, அடுத்ததைக் கழற்றுவது, பையின் மேல் காதைப் பிடிப்பது, காதைக் கொக்கியில் நுழைப்பது, கையை விடுவது. ஆறு படிகள். பலரும் முதல் படியிலிருந்து சொல்லிக் கொடுக்கிறார்கள். இரண்டாம் படியிலேயே குழந்தை களைத்துவிட, மிச்சத்தைப் பெரியவர் முடித்துவிடுவார். குழந்தைக்கு அது ஒரு நாளும் முடித்த வேலையாக ஆவதில்லை. கடைசியிலிருந்து தொடங்குவது பல குழந்தைகளுக்கு நன்றாகக் கைகொடுக்கும்: ஐந்து படிகளைப் பெரியவர் செய்து, கொக்கியில் பாதி நுழைந்த பையைக் குழந்தை தள்ளி விட்டுவிடட்டும். அது நிலைத்த பிறகு கடைசி இரண்டு படி, பிறகு மூன்று. ஒவ்வொரு நாளும் வேலை குழந்தையின் கையில்தான் முடியும்.

கொடுக்கும் உதவியிலும் தரம் பிரிக்க வேண்டும். கைமேல் கை வைத்துச் செய்விப்பது, முழங்கையில் லேசாகத் தொடுவது, செய்து காட்டுவது, விரலால் சுட்டுவது, வாயால் சொல்வது, பேசாமல் காத்திருப்பது என்று பல வகை. வாயால் சொல்வது மிகச் சின்ன உதவி என்று தோன்றும். பிறகு விலக்குவதற்கு மிகக் கடினமானது அதுதான். "மாட்டு, மாட்டு" என்று தினமும் சொல்லப்பட்ட குழந்தை, அந்தச் சொல் வரும்வரை கொக்கி முன்னால் நின்றுகொண்டே இருக்கும். பை மாட்டுவதில் ஒரு படி கூடிவிட்டது, அவ்வளவுதான். அதனால் முதலில் மனதுக்குள் பத்து எண்ணிக் காத்திருக்க வேண்டும்; பெருமூளை வாதம் உள்ள குழந்தைக்கு இன்னும் கூடுதலாக. கையை நகர்த்த வேண்டும் என்று நினைப்பதற்கும் கை நகர்வதற்கும் நடுவே உள்ள நேரம் அதற்கு நீளம். நாம் ஐந்தில் எட்டிப் பிடித்தால் அது ஆறில் செய்யவிருந்ததைப் பார்க்கவே மாட்டோம்.

இந்தப் பாடம் பெரும்பாலும் கெடுவது வகுப்பறைக்கு வெளியே. வண்டி நிற்கும் அவசரத்தில் ஓட்டுநரோ ஆயாவோ பையைக் கழற்றித் தாங்களே தூக்கி வந்துவிடுவார்கள். அன்பால் செய்வதுதான். ஆனாலும் ஆறு படியில் நாலு அங்கேயே போய்விடுகிறது. ஆசிரியர் "பையை மாட்டு" என்பார், ஆயா "உள்ளே வை" என்பார், தெரபிஸ்ட் "அங்க போடு" என்பார். ஒரே வேலைக்கு மூன்று சொற்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் எதை, எப்படிக் கற்பிப்பது என்று எழுதி வைக்கும் தனிநபர் கல்வித் திட்டம் அலுவலக அலமாரியில் பத்திரமாக இருக்கும். அதில் உள்ள சொல்லை ஆயா ஒருநாளும் கேட்டிருக்க மாட்டார். எந்தப் படியில் இருக்கிறோம், எந்தச் சொல்லைச் சொல்கிறோம் என்று கொக்கிக்குப் பக்கத்திலேயே ஒரு சீட்டில் எழுதி ஒட்டினால் பாதிச் சிக்கல் தீரும்.

அடுத்தது காலை வட்டம். எட்டுக் குழந்தைகள் என்றால் பதினைந்து நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள். வருகைப் பதிவு ஆசிரியரின் வேலையாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. 'வீடு', 'பள்ளி' என்று இரண்டு கட்டங்கள் போட்ட பலகையில் ஒவ்வொருவரும் தன் படத்தை எடுத்து மாற்றி ஒட்டலாம். பேச்சு வராத குழந்தை, குரல் பதிந்த பொத்தானை அழுத்தி "வந்துட்டேன்" சொல்லலாம். அந்தக் குரலை அதே வயதுக் குழந்தை ஒன்றைக் கொண்டு பதிவு செய்யுங்கள், பெரியவர் குரல் பொருந்தாது. வராதவரின் படம் 'வீடு' கட்டத்திலேயே இருக்கும். அதைச் சுட்டிக்காட்டி யார் வரவில்லை என்று கேட்கும்போதுதான், இது நம் கூட்டம், இதில் ஒருவர் குறைகிறார் என்ற எண்ணம் குழந்தைகளிடம் உருவாகிறது.

காது கேட்கும் கருவி அணிந்த குழந்தைகள் இருந்தால், அன்று அது வேலை செய்கிறதா என்று பார்க்க வட்டத்துக்கு முன் இரண்டு நிமிடம் ஒதுக்க வேண்டும். காது கேளாத குழந்தைகளின் கல்வியில் பணியாற்றிய டேனியல் லிங் வகுத்த ஆறு ஒலிச் சோதனைக்குத் தனியாக எந்தச் சாதனமும் தேவையில்லை. ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ் என்று நாம் சொல்ல, கேட்டதும் குழந்தை கை தூக்க வேண்டும். தாழ்ந்த சுருதியிலிருந்து உயர்ந்தது வரை பேச்சொலிகளின் பரப்பை இந்த ஆறும் தொட்டுவிடுகின்றன. உதட்டைப் பார்க்க முடியாதபடி பக்கவாட்டில் நின்று சொல்ல வேண்டும். வாயைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னால் ஒலியே மாறிவிடும். வரிசையைக் கலைத்தும் இடைவெளியை மாற்றியும் சொல்லுங்கள், இல்லாவிட்டால் தாளத்தைப் பிடித்துக்கொண்டு குழந்தை கை தூக்கிவிடும். நேற்று ஆறையும் கேட்ட குழந்தைக்கு இன்று எதுவுமே கேட்கவில்லை என்றால் முதலில் பேட்டரி, அடுத்து காது அச்சில், அதாவது கருவியின் காதுக்குள் பொருந்தும் பகுதியில், அடைத்த குறும்பி அல்லது ஈரம். ஸ் மட்டும் விடுபட்டுக்கொண்டே இருந்தால் ஆடியாலஜிஸ்டிடம் (செவித்திறன் நிபுணரிடம்) போக வேண்டும். கருவி கீச்சிட்டால் அச்சு சரியாகப் பொருந்தவில்லை, அல்லது காது வளர்ந்து அச்சு சிறிதாகிவிட்டது. இந்தக் கருவிகளில் போடும், காற்றுப் பட்டதும் வேலை செய்யத் தொடங்கும் துத்தநாகக் காற்று பேட்டரியின் ஸ்டிக்கரை உரித்ததும் ஒரு நிமிடமாவது காற்றில் வைத்துவிட்டுப் போட வேண்டும். திரும்ப ஸ்டிக்கரை ஒட்டி மிச்சப்படுத்த முடியாது. வட்டத்தில் ஆசிரியர் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காரவும் கூடாது. வெளிச்சம் பின்னால் இருந்தால் முகம் நிழலாகி உதடு தெரியாது.

அன்றைய வேலைகளை வரிசையாகப் படங்களில் காட்டும் படக் கால அட்டவணை இல்லாத சிறப்பு வகுப்பறையைப் பார்ப்பது இப்போது அரிது. அமெரிக்காவின் வட கரோலினாவில் உளவியலாளர் எரிக் ஷாப்லர் 1972-இல் மாநிலத் திட்டமாக வளர்த்தெடுத்த, ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கான 'டீச்' (TEACCH) முறை வழியாக இது பரவலானது. பல இடங்களில் அது சுவர் அலங்காரமாக நின்றுவிடுகிறது. காலையில் படங்களை ஒட்டுவார்கள், மாலையில்தான் மறுபடி தொடுவார்கள். ஒரு வேலை முடிந்ததும் குழந்தையே படத்தை எடுத்து 'முடிந்தது' பையில் போட்டு, அடுத்த படத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்தால்தான் அது அட்டவணை. படம் புரியாத குழந்தைக்குப் பொருள்: சாப்பாட்டுக்கு ஒரு கரண்டி, விளையாட்டுக்கு ஒரு பந்து. 'மாற்றம்' என்ற அட்டை ஒன்றும் வேண்டும். அதை மழையால் விளையாட்டு ரத்தான நாளில் முதன்முதலாகக் காட்டினால் அழுகைதான் வரும். குழந்தைக்குப் பிடித்த ஒன்று எதிர்பாராமல் கிடைக்கும் நாட்களில் அறிமுகப்படுத்தி, பழகிய பிறகு மற்ற மாற்றங்களுக்குக் கொண்டுபோக வேண்டும்.

பேச்சு வராத குழந்தைகளுக்குப் வேண்டியதன் படத்தைக் கொடுத்து அதைக் கேட்டுப் பெறும் 'பெக்ஸ்' (PECS) முறையை ஆண்டி பாண்டியும் லோரி ஃப்ராஸ்டும் 1985-இல் உருவாக்கினார்கள். அதன் முதல் கட்டத்துக்கு இரண்டு பெரியவர்கள் வேண்டும். குழந்தைக்குப் பிடித்த பொருளோடு எதிரில் ஒருவர். படத்தை எடுத்து நீட்டக் கையைப் பிடித்து உதவப் பின்னால் ஒருவர். பின்னால் இருப்பவர் வாய் திறக்கக் கூடாது. ஆள் பற்றாக்குறையில் ஒருவரே செய்யும்போது, படத்தைத் தூக்கிக் காட்டி "இது என்ன?" என்று கேட்கும் பாடமாக அது மாறிவிடுகிறது. கேட்டுப் பெறுவது என்ற செயலே அதில் காணாமல் போகிறது.

குழந்தைகளின் பட அட்டைத் தொகுப்பைப் புரட்டினால் தண்ணீர், பசி, கழிப்பறை என்று நமக்கு வசதியான சொற்களே நிறைந்திருக்கும். 'வேண்டாம்', 'நிறுத்து', 'இன்னும்', 'என் முறை' இருக்கிறதா என்று பாருங்கள். 'வேண்டாம்' அட்டை கொடுத்தால் எதையுமே செய்ய மாட்டார்கள் என்ற பயம் பரவலாக உண்டு. அந்த அட்டை இல்லாத குழந்தை அதையே கடித்தும் தள்ளியும் சொல்கிறது என்பதை யோசித்தால் பயம் இடம் மாறும்.

பொருட்களை வீசுவது, தலையை இடித்துக்கொள்வது போன்றவற்றுக்கு முதலில் உடல் வலியைப் பாருங்கள்: பல், காது, மலச்சிக்கல். அது இல்லை என்றால் மூன்று பத்தி போட்ட நோட்டில் அதற்கு முன் என்ன நடந்தது, குழந்தை என்ன செய்தது, பிறகு நாம் என்ன செய்தோம் என்று சில நாள் எழுதினால் போதும். எழுத்து வேலை வந்ததும் பென்சில் பறக்கிறது, உடனே வெளியே அழைத்துப் போகிறோம் என்றால், பென்சிலை எறிந்தால் எழுத வேண்டாம் என்று நாமே கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறோம். "ஓய்வு வேண்டும்" என்ற அட்டையைக் கொடுத்து, அதைக் காட்டிய உடனே ஓய்வு கொடுங்கள். எறிந்தால் பலன் கிடைக்காது என்றானதும் முதல் சில நாட்கள் எறிவது கூடும், எதிர்பார்க்க வேண்டியதுதான். அந்த நாட்களில் ஒருவர் மட்டும் இரக்கப்பட்டு விட்டுக்கொடுத்தால் வேகமாக எறிந்தால்தான் பலிக்கும் என்று பாடம் பதிந்துவிடும்.

சாப்பாட்டு நேரத்தில் பாடத்துக்கு முன்னால் பாதுகாப்பு. பெருமூளை வாதம் உள்ள குழந்தையின் பாதம் எதன்மீதாவது ஊன்றியிருக்க வேண்டும். இடுப்பு, முழங்கால், கணுக்கால் ஏறக்குறைய செங்கோணத்தில், முகவாய் சற்றே தாழ்ந்து. நின்றுகொண்டு ஊட்டினால் குழந்தை அண்ணாந்து பார்க்கும். அண்ணாந்த கழுத்தில் உணவு மூச்சுக்குழாய்ப் பக்கம் போவது எளிது. எதிரே, கண்மட்டத்தில் உட்காருங்கள். விழுங்கியது தெரிந்த பிறகே அடுத்த வாய். கெட்டியான உணவைவிடத் தண்ணீர் போன்ற நீர்ப்பொருள் பலருக்கு ஆபத்தானது. குடித்த பின் இருமினாலோ குரல் களகளவென்று ஈரமாக ஒலித்தாலோ ஸ்பீச் தெரபிஸ்டிடம் சொல்ல வேண்டும். சில குழந்தைகளுக்கு உணவு மூச்சுக்குழாயில் போனாலும் இருமலே வராது. அடிக்கடி சளிக் காய்ச்சல் வந்தால் சந்தேகப்படுங்கள். சாப்பிட்ட பின் அரை மணி நேரம் படுக்க வைக்காதீர்கள்.

வலிப்பு வந்தால் கடிகாரம் பார்க்க வேண்டும், பக்கவாட்டில் திருப்ப வேண்டும், வாயில் எதையும் வைக்கக் கூடாது, அழுத்திப் பிடிக்கக் கூடாது, ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ். இது எல்லோருக்கும் சொல்லப்பட்டிருக்கும். மற்ற குழந்தைகளை யார் பார்ப்பது என்பதுதான் பெரும்பாலும் தீர்மானிக்கப்படாமல் இருக்கும். ஒருவர் அவர்களோடு உட்கார்ந்து, என்ன நடக்கிறது, இது நின்றுவிடும், நண்பனுக்குத் தூக்கம் வரும் என்று சொல்ல வேண்டும்.

கழிப்பறையில் கதவு மூடியிருக்க வேண்டும். தொடுவதற்கு முன் என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லிவிட்டுத் தொட வேண்டும், குழந்தைக்குப் புரியுமா புரியாதா என்று கணக்குப் பார்க்காமல். ஐந்து வயதில் திறந்த கதவோடு பழகியவருக்குப் பதின்மூன்று வயதில் திடீரென்று கதவை மூடு என்றால் விளங்காது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்காக ஐ.நா. 2006-இல் ஏற்ற உடன்படிக்கை 22-ஆம் பிரிவில் தனியுரிமையைத் தனியாகக் குறிப்பிடுகிறது. பார்வையாளர்கள் வந்து குழந்தைகளோடு படம் எடுத்துக்கொள்ளும்போதும் அதை நினைவில் கொள்ளலாம். பாடத்தை நிறுத்தி, வரிசையாக உட்கார்த்தி, கை தட்டச் சொல்லும் அரை மணி நேரம் யாருக்காக?

குழந்தைகளுக்குள் வேலைப் பிரிப்பும் இப்படித்தான் நழுவும். தட்டு அடுக்குவது, மணி அடிப்பது, அட்டவணைப் படத்தைக் கழற்றுவது எல்லாம் எப்போதும் அதே இரண்டு 'கெட்டிக்காரர்களிடம்' போய்ச் சேரும். உதவி பெற்றுக்கொண்டே இருக்கும் குழந்தைக்கும் பிறருக்குக் கொடுக்க ஒரு வேலை வேண்டும். தலையை மட்டும் அசைக்க முடிந்தவர் தலைப்பக்கம் பொருத்திய சுவிட்சைத் தட்டி இடைவேளை மணியை ஒலிக்கலாம். வீல்சேரைக் கேட்காமல் தள்ளக் கூடாது என்ற விதி பெரியவர்களைப் போலவே குழந்தைகளுக்கும் பொருந்தும். அதன் கைப்பிடியில் பைகளை மாட்டினால் வண்டி பின்னால் சாயும்.

மாலையில் எல்லாம் தலைகீழாக நடக்க வேண்டும்: பையைக் கொக்கியிலிருந்து எடுப்பது, வீட்டு நோட்டை உள்ளே வைப்பது, தோளில் மாட்டுவது, படத்தை 'வீடு' கட்டத்துக்கு மாற்றுவது. வீட்டு நோட்டில் புகாரை எழுதாமல், எந்தப் படி இன்று தானாக வந்தது, எந்தச் சொல்லைச் சொன்னோம் என்று இரண்டு வரி எழுதினால் வீட்டிலும் அதே சொல் வரும். இதற்கெல்லாம் வண்டி வருவதற்கு இருபது நிமிடம் முன்பே தொடங்கிவிட வேண்டும். ஹாரன் அடித்த பிறகு தொடங்கினால் பையை மாட்டுவது மறுபடி ஆயாதான்.