வைட்டமின் டப்பாவில் இருந்த மாத்திரை

பன்னிரண்டு வயதுப் பையன். பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் மட்டும் வயிற்று வலி. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று குழந்தைகள் டாக்டர், குடும்பத்தோடு சேர்த்து மனநல வைத்தியம் பார்க்கும் என்னிடம் அனுப்பினார். அப்பா, அம்மா, பாட்டி எல்லோரையும் வரச் சொன்னேன். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

முதல் சந்திப்பில் ஒரு தாளில் மூன்று தலைமுறைப் படம் வரைவோம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். யாருக்கு என்ன நோய், யார் யாரோடு பேசுவதில்லை என்று கேட்டுக்கொண்டே போவோம். அப்பாவின் சித்தப்பாவிடம் வந்ததும், "அவன் சின்ன வயசிலேயே போயிட்டான்" என்று பாட்டி அவசரமாக முடித்தார். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பினார். பையன் பாட்டியின் முகத்தையே பார்த்தான்.

அப்பாவுக்குக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே பைபோலார் கோளாறு, அதாவது மனநிலை அளவுக்கு மீறி ஏறியும் இறங்கியும் போகும் நோய். அதற்கு லித்தியம் என்ற மருந்து சாப்பிடுகிறார். மாத்திரையை அட்டையிலிருந்து உரித்து வைட்டமின் டப்பாவில் போட்டுவைப்பது பாட்டி. தீர்ந்தால் சீட்டை எடுத்துக்கொண்டு மருந்துக் கடைக்கு ஓடுவது பேரன். "அம்மாகிட்ட மூச்சு விடாதே" என்று அவனுக்குப் பாட்டியின் கட்டளை. இரண்டு பேருக்கு நடுவிலான பதற்றத்தைத் தாங்க முடியாமல் மூன்றாவது ஆளை உள்ளே இழுப்பதை முக்கோணம் என்பார் அமெரிக்க மனநல மருத்துவர் மரே போவன். இங்கே அந்த மூன்றாவது ஆளுக்கு வயிறு வலித்தது.

அம்மாவுக்கு எதுவும் தெரியாதா? ஏதோ இருக்கிறது என்று தெரியும். லித்தியத்தால் வரும் கை நடுக்கத்தைக் கணவரிடம் பார்த்து, குடிக்கிறாரோ என்று சந்தேகம். பிரஷருக்குப் பயந்து சமையலில் உப்பை வேறு திடீரென்று குறைத்திருக்கிறார். லித்தியம் சாப்பிடுபவருக்கு இது ஆபத்து. உப்பு குறைந்தால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறும். ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளும் அதைச் செய்யும். பாவம், நல்லது நினைத்துச் செய்தது.

அப்பா என்னைத் தனியாகப் பார்த்து, "நீங்களே சொல்லிடுங்க மேடம்" என்றார். மறுத்துவிட்டேன். தனியாகச் சொன்னதை நான் கொண்டுபோய்ச் சேர்க்க மாட்டேன். ஆனால் வைத்தியத்தையே முடக்கும் ரகசியத்துக்குக் காவலும் இருக்க மாட்டேன். முதல் நாளே இதைச் சொல்லிவிடுவேன். எங்கே தொடங்குவது, பையன் எப்போது வெளியே இருப்பது என்று இரண்டு சந்திப்புகள் ஒத்திகை பார்த்தோம். அப்புறம் அவரே சொன்னார்.

எல்லாவற்றையும் கொட்டித் தீர்க்க வேண்டும் என்பதில்லை. பழைய காதல் கடிதம் ஒருவருடைய அந்தரங்கம். இன்னொருவரின் உடம்பையோ பணத்தையோ பாதிப்பது வேறு. வீட்டில் அடி உதை இருந்தால் சேர்த்து உட்காரவைக்கவே மாட்டேன். வெளியே வந்த வார்த்தைக்கு வீட்டில் அடி விழும். குழந்தைக்குப் பாலியல் கொடுமை என்றால் போக்சோ சட்டப்படி புகார் செய்தே ஆக வேண்டும்.

குடும்பத்தோடு வைத்தியமா, மேல்நாட்டுச் சரக்கு என்பவர்களும் உண்டு. 1950களிலேயே அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் உறவினர்களைக் கூடாரம் போட்டுத் தங்கவைத்து வைத்தியம் பார்த்தார்.

அந்த அம்மா நோயைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. "என் பிள்ளைக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியக் கூடாதா?" என்று மட்டும் கேட்டார். அடுத்த ரத்தப் பரிசோதனைக்குக் கணவரோடு அவரே போனார். பையனுக்கு வலி மெல்லக் குறைந்தது. மாமியாரோடு இன்னும் பேச்சு இல்லை. வரும் வியாழக்கிழமை இருவரையும் வரச் சொல்லியிருக்கிறேன்.