பழைய எக்ஸ்டி குளோன் வாங்கியதும் பிளக்கில் சொருகாதீர்கள்

ஐபிஎம் பிசி கம்ப்யூட்டர் 1981இல் வந்தது, அதன் அடுத்த மாடல் எக்ஸ்டி 1983இல். நல்ல நிலையில் உள்ள அசல் இயந்திரத்தின் விலை கையைக் கடிக்கும். மற்ற கம்பெனிகள் அதைப் பார்த்துச் செய்ததுதான் குளோன். அதே 8088 பிராசசர் சிப்பும், கார்டு மாட்டும் அதே ஸ்லாட்டுகளும் கொண்டு அதே டாஸ் இயங்குதளத்தை ஓட்டும் குளோனில் பெரும்பாலும் செலவு குறைவு. ஆனால் முப்பது வருஷத்துக்கு மேல் பரணில் கிடந்த பெட்டி அது. ‘போட்டுப் பார்த்தேன், வேலை செய்கிறது’ என்று விற்பவர் சொன்னாலும், மூடியைக் கழற்றி எடுத்த படத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

பெயர் பெற்ற கம்பெனியின் குளோனா, பெயரே இல்லாத அசெம்பிள் பெட்டியா என்றால், பெயரில்லாததே மேல். பெரிய கம்பெனிகள் பல தங்களுக்கென்று தனி வடிவத்தில் பவர் சப்ளை, தனி மதர்போர்டு அளவு என்று வைத்துக்கொண்டன. அதில் ஒன்று போனால் மாற்று கிடைக்காது. பெயரில்லாத பெட்டியிலோ எல்லாமே எக்ஸ்டியின் அளவைப் பார்த்துச் செய்தவை. ஒன்றைக் கழற்றி இன்னொன்றை மாட்டலாம்.

முதல் ஆபத்து பவர் சப்ளை. பின்பக்கத்தில் 115/230 சுவிட்ச் இருந்தால் எந்தப் பக்கம் தள்ளியிருக்கிறது என்று பாருங்கள். 115இல் விட்டுவிட்டு 230 வோல்ட் கொடுத்தால் வெடிக்கும். பிறகு உள்ளே, மின்சாரம் நுழையும் இடத்தில், தேன் நிறத்தில் கண்ணாடி போன்ற உறையுள்ள சதுரக் கெபாசிட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த உறையில் முடிபோல் விரிசல் ஓடியிருக்கும். அதன் வழியாக ஈரம் உள்ளே இறங்கி, மின்சாரம் கொடுத்த சில நிமிடங்களில் புகையும் நாற்றமுமாகப் போய்விடும். சோதிக்கும் முன்பே மாற்றிவிடுங்கள். அதே மதிப்புள்ள, மெயின்ஸ் மின்சாரத்துக்கென்றே செய்த எக்ஸ்2 பாதுகாப்பு வகையைத்தான் போட வேண்டும். பெரிய கெபாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். பழக்கமில்லாதவர்கள் இந்தப் பெட்டியைத் திறக்கவே வேண்டாம்.

சுமை இல்லாமல் இந்த சப்ளைகள் சரியாக ஓடாது. வெறுமனே ஆன் செய்து மல்டிமீட்டர் வைத்துவிட்டு ‘செத்துவிட்டது’ என்று தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு. பழைய டிஸ்க் டிரைவ் ஒன்றை மாட்டிவிட்டு அளந்தால், 5 வோல்ட் லைன் 4.75க்கும் 5.25க்கும் இடையில் நிற்க வேண்டும்.

போர்டுக்குப் போகும் பிளக் இரண்டு துண்டு: பி8, பி9. மாட்டும்போது கறுப்பு வயர்கள் நடுவில் ஒன்றையொன்று தொட்டபடி இருக்க வேண்டும். மாற்றி மாட்டினால் போர்டு போச்சு. மாட்டுவதற்கு முன் போர்டின் 12 வோல்ட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஓம்ஸ் பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டி வந்தால், நீர்த்துளி வடிவ டான்டலம் கெபாசிட்டர் ஏதோ ஷார்ட் ஆகியிருக்கிறது. அந்த லைனில் 16 வோல்ட் டான்டலம் போட்டிருப்பார்கள். மாற்றும்போது 25 வோல்ட்டாகப் போடுங்கள்.

எக்ஸ்டி போர்டுகளில் பொதுவாக பேட்டரி கிடையாது. அதனால்தான் எக்ஸ்டிக்குப் பின் வந்த ஏடி, 386 குளோன்களைவிட இவை நன்றாகப் பிழைத்திருக்கின்றன. அந்தப் பிந்தைய போர்டுகளில் கீபோர்டு சாக்கெட் பக்கத்தில் 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரி இருக்கும். கசிந்தால் பச்சை பூத்து, தாமிரக் கோடுகளை அரித்துக்கொண்டே போகும். எக்ஸ்டியில் கடிகாரம் உள்ள மல்டி ஐ/ஓ கார்டு (பிரின்டர், சீரியல் போர்ட் போன்றவை சேர்ந்த கார்டு) இருந்தால் அதிலும் இதே பேட்டரி இருக்கலாம். கண்டதும் வெட்டி எடுங்கள். அந்த இடத்தை வினிகரால் துடைத்து, நீரால் கழுவி, ஆல்கஹால் தடவிக் காய விடுங்கள்.

640 கேபி மெமரி என்றால் வழக்கமாக 36 சிப்: 41256 (256 கிலோபிட்) இரண்டு வரிசை, 4164 (64 கிலோபிட்) இரண்டு வரிசை, வரிசைக்கு ஒன்பது. ஒன்பதாவது பாரிட்டி என்ற பிழைச் சோதனைக்கு. பாரிட்டி பிழை வந்தால் உடனே சிப்பைக் குறை சொல்லாதீர்கள். சூடாகி ஆறி, சூடாகி ஆறி, சிப்புகள் சாக்கெட்டிலிருந்து மெல்ல மேலே எழும்பியிருக்கும். போர்டின் அடியில் ஒரு கையை முட்டுக்கொடுத்துக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாக அழுத்துங்கள். பாதிப் பிழைகள் அதிலேயே தீரும். இயந்திரத்தைத் தொடங்கிவைக்கும் நிரல் உள்ள பயாஸ் சிப்பின் கண்ணாடி ஜன்னலில் ஸ்டிக்கர் இருக்கிறதா? இல்லையென்றால் புற ஊதா ஒளி பட்டு உள்ளடக்கம் அழியும். நல்ல ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு, உள்ளடக்கத்தை நகலெடுத்து வையுங்கள்.

‘10 மெகாஹெர்ட்ஸ் டர்போ’ என்று முகப்பில் ஒட்டியிருப்பதை நம்ப வேண்டாம். போர்டில் கடிகாரத் துடிப்பு தரும் கிறிஸ்டலைப் பாருங்கள். பெரும்பாலும் அதன் எண்ணை மூன்றால் வகுத்தால் வேகம் வரும்: 24 என்றால் 8, 30 என்றால் 10. 14.318 மட்டும் இருந்தால் 4.77தான்.

ஹார்டு டிஸ்கையும் அதன் எம்எஃப்எம் (அந்தக் காலப் பதிவு முறை) கன்ட்ரோலர் கார்டையும் பிரித்து விற்றால் வாங்காதீர்கள். கார்டு வகை மாறினால் பழைய ஃபார்மட் படிக்காது. டாஸின் டெபக் புரோகிராமில், பல கார்டுகளுக்கு ஜி=சி800:5 (g=c800:5) கொடுத்து, முதலிலிருந்து ஃபார்மட் செய்ய வேண்டியிருக்கும், தகவலும் போய்விடும். தினமும் ஓட்டுவதற்கானால் ஐடிஇ டிஸ்க்குகளை எக்ஸ்டியில் மாட்ட உதவும் எக்ஸ்டி-ஐடிஇ கார்டும், டிஸ்க்குக்குப் பதில் காம்பேக்ட் ஃபிளாஷ் மெமரி கார்டும் போதும். 360 கேபி பிளாப்பியை 1.2 எம்பி டிரைவில் எழுதிக் கொண்டுவராதீர்கள். அது மெல்லிய தடத்தில் எழுதுவதால் எக்ஸ்டியின் 360 கேபி டிரைவ் பல சமயம் படிக்காது.

மானிட்டரில் நிதானம் வேண்டும். ஒற்றை நிற மோனோக்ரோம், வண்ண சிஜிஏ இரண்டுக்கும் 9 பின் சாக்கெட்தான், அலைவரிசையோ வேறு. மோனோக்ரோம் மானிட்டரை சிஜிஏ கார்டில் மாட்டினால் மானிட்டரே கெடலாம். எக்ஸ்டியின் 8 பிட் ஸ்லாட்டில் ஓடும், பிற்கால விஜிஏ கார்டு தனியாகத் தேடி வாங்குவது உத்தமம். கீபோர்டிலும் இதே கதை: எக்ஸ்டி, ஏடி இரண்டுக்கும் ஒரே 5 பின் டின் பிளக், பேசும் முறை வேறு. கீபோர்டின் அடியில் எக்ஸ்டி/ஏடி சுவிட்ச் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள்.

எல்லாம் ஓடியபின் ஐபிஎம் பிசி-டாஸில் வரும் பேசிக் மொழி புரோகிராம் பேசிக்ஏ போட்டு இயந்திரம் உறைந்து நின்றால் பயப்படாதீர்கள். அதற்குத் தேவையான பேசிக் ஐபிஎம்மின் ரோம் (ROM, அழியாத மெமரி) சிப்பில் இருந்தது, குளோன்களில் இல்லை. ஜிடபிள்யூ-பேசிக் போட்டால் ஓடும்.