ரேட் கூடுமாண்ணே?

நான் நகை மதிப்பீட்டாளர். மதுரையின் தெற்கு ஓரத்தில் ஒரு வங்கிக் கிளையில் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன், வாரத்தில் இரண்டு நாள் உசிலம்பட்டிப் பக்கம் இன்னொரு கிளைக்கும் போவேன். வங்கி ஊழியன் கிடையாது. சம்பளம் இல்லை, கடனுக்கு இவ்வளவு என்று கமிஷன், அதுவும் நகை வைக்கிறவர் தலையில்தான் விழும். அப்பா தெற்காவணி மூல வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் பட்டறை வைத்திருந்தார். அவர் கையால் செய்த நகை எப்போதாவது அடகுக்கு என் மேசைக்கு வரும். ஒட்டு வைத்திருக்கிற விதத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். வெளியில் சொல்வதில்லை.

நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் என் தொழில் தெரிந்தவுடன் எல்லோரும் கேட்ட ஒரே கேள்வி, "தங்கம் எப்பண்ணே குறையும்?" பெண் பிள்ளை வைத்திருப்பவர்கள், சீட்டுப் போட்டுக் காசு சேர்த்தவர்கள், கல்யாணத்துக்கு நாள் குறித்தவர்கள் கேட்பது. இப்போது அதைக் கேட்பவர்கள் ரொம்பக் குறைவு. கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்பது, "ரேட் இன்னும் கூடுமாண்ணே?" முதல் கேள்வி நகை வாங்க நினைத்தவர்களுடையது, இரண்டாவது அதே நகையை வைத்து இன்னும் கொஞ்சம் கடன் வாங்க நினைப்பவர்களுடையது. நான் எழுத உட்கார்ந்தது இதைப் பற்றித்தான்.

தங்கம் ஏறினால் தங்கம் வைத்திருப்பவர் பணக்காரர் ஆகிறார் என்று பேசுகிறோம். நான் பார்க்கிற வீடுகளில் அப்படி நடக்கவில்லை. கூலி ஏறாத இடத்தை தங்கத்தின் ரேட் வந்து நிரப்பிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். அதுவும் கடனாக.

ஒரு கணக்கைச் சொல்கிறேன். ஆள் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஒரு அம்மா, அப்பளம் தேய்க்கிறவர். கணவர் எவர்சில்வர் பாத்திரப் பட்டறையில் பாலிஷ் போடுகிறார். கல்யாணத்துக்குத் தாய்வீட்டில் போட்ட செயின், மூன்று பவுனும் கொஞ்சமும், நிகர எடை 24.4 கிராம். ஊரடங்கில் பட்டறை மூடிக் கிடந்தபோது, 2020 ஜூனில், முதல் தடவை அடகு வைத்தார். அன்றைய ரேட்டுக்கு இன்னும் கூடக் கிடைத்திருக்கும், ஆனால் 65,000 போதும் என்றார். "ரெண்டு மாசத்துல திருப்பிருவேண்ணே." திருப்பவில்லை. 2021-ல் வட்டி மட்டும் கட்டி மாற்றி வைத்தார். 2022-ல் 80,000. 2023-ல் 95,000. 2024-ல் 1,15,000. 2025 ஜூனில் 1,55,000. செயின் அதேதான், ஒரு கண்ணி கூடவில்லை, குறையவும் இல்லை.

வெளியிலிருந்து பார்த்தால் ஐந்து வருடத்தில் கூடுதலாக 90,000 ரூபாய் கையில் வாங்கிவிட்டார் என்று தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், ஒரு நாள் மத்தியானம் கூட்டம் இல்லாத நேரத்தில் அவருடைய பழைய அடகுச் சீட்டுகளையெல்லாம் வரிசையாக வைத்துக் கூட்டிப் பார்க்கிறவரை. 2021 தவிர ஒவ்வொரு தடவையும் புதுக் கடனிலிருந்துதான் பழைய வட்டியைக் கழித்திருக்கிறார்கள். 9 சதவீத வட்டியில் ஐந்து வருடத்துக்கு 37,800 ரூபாய் வட்டியாகவே போயிருக்கிறது. மிச்சம் கைக்கு வந்தது 52,200. அறுபது மாதத்துக்கு வகுத்தால் மாதம் 870 ரூபாய். மாதம் 870 ரூபாய் பற்றாக்குறைக்காக அந்தக் குடும்பம் தன் ஒரே செயினை ஐந்து வருடம் கழுத்தில் போடாமல் இருந்திருக்கிறது. இப்போது 1,55,000-க்கு வட்டி மட்டும் மாதம் 1,160 ரூபாய் ஆகிறது. பள்ளத்தை மூட எடுத்த மண்ணுக்காக அதைவிடப் பெரிய பள்ளம் தோண்டியாயிற்று.

ஆடம்பரச் செலவு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஒவ்வொரு வருடமும் என்னத்துக்கு என்று கேட்டிருக்கிறேன், வம்புக்குத்தான். மகன் பாலிடெக்னிக் பீஸ். ஒத்தி வீட்டுக்காரர் தொகையைக் கூட்டிக் கேட்டார். மாமியாருக்குக் கண் ஆபரேஷன், ஆபரேஷன் இலவசம்தான், போக வர, மாத்திரை, கூட இருந்தவருக்கு ஒரு வாரக் கூலி போனது. ஒரு வருடம் நாத்தனார் வீட்டுக் காதுகுத்துக்கு மொய். மொய்யை ஆடம்பரம் என்பவர்கள் மதுரைப் பக்கம் சொந்தபந்தத்தோடு வாழ்ந்து பார்க்கட்டும். கணவருக்கு 2020-க்கு முன்னால் நாள் கூலி 650, வாரம் ஆறு நாள் வேலை. இப்போது 800, ஆனால் வேலை வாரம் நான்கு நாள்தான். கூலி ஏறியிருக்கிறது, வாரக் கடைசியில் எண்ணினால் 700 ரூபாய் குறைகிறது.

அந்தச் செயினில் ஒரு விஷயம் கவனித்தேன். ஹால்மார்க் கட்டாயமாவதற்கு முந்தைய காலத்து நகை, 916 முத்திரை இல்லை, அதனால் ஒவ்வொரு தடவையும் உரைகல்லில் தேய்த்து ஆசிட் விட்டுத்தான் பார்க்க வேண்டும். கொக்கிக்கு அடுத்த மூன்றாவது கண்ணியில் தேய்ப்பது என் பழக்கம். போன தடவை லென்ஸ் வைத்துப் பார்க்கும்போது அந்த ஒரு கண்ணி மட்டும் தட்டையாகியிருந்தது. மற்ற கண்ணியெல்லாம் புதுசு மாதிரி. கழுத்தில் கிடந்து, வியர்வையில் ஊறி, சேலையில் உரசித் தேய வேண்டிய நகை, அதன் மேல் இருக்கிற ஒரே தேய்மானம் நான் போட்டது.

இது ஒரு வீட்டுக் கதை இல்லை என்பதற்கு இரண்டு மூன்று எண்கள் போதும். 2024-25 பொருளாதார ஆய்வறிக்கையிலேயே இருக்கிறது: விலைவாசியைக் கழித்துப் பார்த்தால், சொந்தத் தொழில் செய்யும் ஆண்களின் மாத வருமானம் 2017-18-ல் 9,454 ரூபாயாக இருந்தது 2023-24-ல் 8,591 ஆகிவிட்டது. மாதச் சம்பளக்காரர்களுக்கும் 12,665-லிருந்து 11,858. அதே அறிக்கையில்தான் பெரிய கம்பெனிகளின் லாபம் 15 வருட உச்சத்தில் இருப்பதாகவும் இருந்தது. நாடு வளரவில்லை என்று நான் சொல்லவில்லை, வளர்ந்தது எங்கே போய்ச் சேர்ந்தது என்பது வேறு கேள்வி. இன்னொரு பக்கம், வங்கிகளின் நகைக்கடன் பாக்கி 2025 மார்ச்சோடு முடிந்த ஒரே வருடத்தில் ஏறத்தாழ இரண்டு மடங்காகி 2 லட்சம் கோடியைத் தாண்டியது. அதில் ஒரு பகுதி, விவசாயக் கடன் என்று எழுதியிருந்ததை நகைக்கடன் கணக்குக்கு மாற்றியதால் வந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் என் மேசைக்கு முன்னால் நிற்கிற வரிசை கணக்கு மாற்றியதால் நீளவில்லை.

உசிலம்பட்டிக் கிளைக்கு வருகிறவர்களில் நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள் நிறைய. அவர்களுக்காக நான் போட்டு வைத்திருக்கிற கணக்கு வேறு மாதிரி. 2020 தொடக்கத்தில் ஒரு பவுன் சுமார் 30,000 ரூபாய், அந்த நிதியாண்டில் தமிழ்நாட்டுக்கு அறிவித்த நாள் கூலி 229. முழுக்கூலியும் கைக்கு வந்தால் 131 நாள் வேலை பார்த்து ஒரு பவுன் வாங்கலாம். 2025 ஏப்ரலில் பவுன் 70,000-ஐத் தொட்டது, கூலி 336. 208 நாள். அப்போது வருடத்துக்கு நூறு நாள்தான் வேலை, அதனால் இரண்டு வருடம் சாப்பிடாமல் உழைத்தாலும் ஒரு பவுன் தேறாது. அதாவது இப்போது அடகில் இருக்கிற நகை கையை விட்டுப் போனால், இந்த வீடுகளால் இன்னொரு தடவை அதை வாங்க முடியாது. இதை நான் சொல்லி யாருக்கும் தெரிய வேண்டியதில்லை, அதனால்தான் வயிற்றைக் கட்டியாவது வட்டி கட்டுகிறார்கள்.

சரி, தொழில் விஷயத்துக்கு வருகிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

2024 செப்டம்பரில் நகைக்கடனில் நடக்கிற குளறுபடிகளைப் பட்டியல் போட்டு ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. அதற்கப்புறம் பல கிளைகளில் வட்டி மட்டும் கட்டி மாற்றி வைக்கிற பழக்கத்தை நிறுத்திவிட்டார்கள். அசலும் வட்டியும் முழுசாகக் கட்டி நகையைத் திருப்பி, மறுநாள் வந்து புதிதாக வை என்றார்கள். மேலே சொன்ன அம்மா 2025 ஜூனில் 1,25,350 ரூபாயை ஒரு நாளைக்குப் புரட்ட வேண்டியிருந்தது. வங்கிக்கு எதிரே டீக்கடையில் அதற்கென்றே ஆள் நின்றார்கள், நூற்றுக்கு ஒரு ரூபாய், ஒரு நாளைக்கு. 1,250 ரூபாய் அங்கே போனது. 870 ரூபாய்க் கணக்கில் இதை நான் சேர்க்கவில்லை.

அதே ஜூன் 6-ம் தேதி ரிசர்வ் வங்கி புது விதிகளை வெளியிட்டது, 2026 ஏப்ரல் 1-க்குள் எல்லோரும் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்று கெடு வைத்தது. இந்த விதிகளின்படி, அதுவரை சேர்ந்த வட்டியைக் கட்டினால் கடனைப் புதுப்பிக்கலாம், கடன் தவணை தவறாமல் இருந்து, நகை மதிப்பும் வரம்புக்குள் இருந்தால். ஆகவே டீக்கடைக்காரரைத் தேடிப் போவதற்கு முன்னால் மேனேஜரிடம் இதைக் கேளுங்கள். "வட்டியக் கட்டிப் புதுப்பிக்கலாம்ல சார்?" என்று ஒரு வார்த்தை. இன்னொன்று, 2.5 லட்சம் வரை நகை மதிப்பில் 85 சதவீதம் கடன் தரலாம் என்று வந்ததைப் பார்த்து ரொம்பப் பேர் சந்தோஷப்பட்டார்கள், முன்பு 75 தான். ஆனால் வருடக் கடைசியில் மொத்தமாகக் கட்டுகிற கடனுக்கு அந்த 85-க்குள் வட்டியும் அடங்க வேண்டும். ஒரு லட்சம் பெறுமானமுள்ள நகைக்கு, 10 சதவீத வட்டி என்றால் கையில் வருவது 77,000 சொச்சம்தான். எனக்குக் கேட்டால் அந்த அளவுக்கும் போகாதீர்கள். வங்கி எவ்வளவு தரும் என்பது உங்களுக்கு எவ்வளவு தேவை என்பதற்குப் பதில் இல்லை. 40,000 தேவை என்று வந்தவர், 60,000 வரும் என்று நான் சொன்னதும் "அப்ப அம்பதாப் போட்ருங்க" என்பதைத் தினமும் கேட்கிறேன்.

முடிந்தவரை வட்டியை மாதாமாதம் கட்டுங்கள். வருடக் கடைசியில் 14,000 ரூபாய் ஒரே நாளில் புரட்டுவது யாராலும் ஆகாது, அதனால்தான் அது புதுக் கடனுக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. நகையை உரசிப் பார்க்கும்போது நீங்கள் முன்னால் இருக்க வேண்டும், அது உங்கள் உரிமை. மொத்த எடை, கல்லுக்கும் அரக்குக்கும் கழித்தது, நிகர எடை, எத்தனை கேரட், எல்லாம் எழுதிய தாளைக் கேட்டு வாங்குங்கள். கேட்டால் என்னை மாதிரி ஆட்கள் முகத்தைச் சுளிப்போம், பரவாயில்லை. கடனை முடித்தபின் நகையை ஏழு வேலை நாளுக்குள் தர வேண்டும், நிறுவனத்தின் தப்பால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் நஷ்டஈடு.

வீடு மாறினால், போன் நம்பர் மாறினால் உடனே கிளையில் சொல்லுங்கள். ஒத்தி வீட்டில் இருப்பவர்கள் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு தடவை மாறிக்கொண்டே இருக்கிறார்கள், ஏல நோட்டீஸ் பழைய முகவரிக்குப் போய்த் திரும்பி வரும். ஏலம் போனாலும் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். ரேட் ஏறியிருக்கிற காலத்தில் கடனைக் கழித்தபின் கணிசமாக மிஞ்சும், அது உங்கள் பணம், ஏழு வேலை நாளுக்குள் உங்களுக்கு வர வேண்டும். அவமானப்பட்டுக்கொண்டு கிளைப் பக்கமே வராமல் இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் அந்தப் போஸ்டர்கள். "அடகு நகையை மீட்டு இன்றைய மார்க்கெட் விலைக்கு வாங்குகிறோம்" என்று பெரியார் பஸ் ஸ்டாண்டில் ஆரம்பித்து ஊர் முழுக்க ஒட்டியிருக்கிறார்கள். விற்பதுதான் சரி என்கிற வீடுகளும் உண்டு, மறுக்கவில்லை. ஏழெட்டு வருடமாக வட்டி மட்டும் கட்டுகிறவர்களிடம், மூன்றில் ஒன்றை விற்று இரண்டைத் திருப்புங்கள் என்று நானே சொல்லியிருக்கிறேன். ஆனால் தெரியாத ஆளோடு கவுண்டருக்கு வந்து, திருப்பிய நகையை வாசல் தாண்டும் முன்பே அவர் கையில் கொடுக்காதீர்கள். எடையை வேறு ஒரு கடையில் போட்டுப் பாருங்கள்.

அந்த அம்மாவுக்கு நான் கூட்டிய கணக்கைக் காட்டினேன். 870 என்கிற எண்ணை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இதுக்கா?" என்றார். மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 வருகிறதே, அதோடு 160 சேர்த்தால் வட்டி சரியாகப் போய்விடும் என்று அவரேதான் சொன்னார். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர், மூன்று மாதம் தவறாமல் வந்து கட்டினார். இந்தத் தடவை தொகையை ஏற்றப் போவதில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

தீபாவளிக்கு முந்தின வாரம் பவுன் 90,000-ஐத் தாண்டியிருந்தது. கிளையில் நிற்க இடமில்லை. கூட்டத்துக்குள் தலை தெரிந்தது, கையில் பழைய சீட்டு, பக்கத்தில் பாலிடெக்னிக் மகன்.

"இப்ப மாத்தி வச்சா எவ்வளவுண்ணே வரும்?"

கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். 1,90,000 வரை வரும். சொன்னேன்.

"இன்னும் ஒரு மாசம் பொறுத்தா ரேட் கூடுமாண்ணே?"

தெரியலம்மா, டோக்கன் எடுத்துட்டு உக்காரு, உனக்கு முன்னாடி முப்பது பேர் இருக்காங்க என்றேன்.