சிமுலேட்டர்: உவமையை உருவகம் ஆக்கலாமா?

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நோட்டீஸில் 'உருவகப்படுத்தியில் பயிற்சி'. கேமிங் கடைப் பலகையில் 'பந்தய உருவகப்படுத்தி'. செய்தியில் 'உருவகப்படுத்தும் கருவி'. எல்லாம் சிமுலேட்டருக்குத் தமிழாம். புதுச்சேரி மரப்பாலம் சிக்னலில் நிற்கிற யாரிடமாவது இந்தச் சொல்லைச் சொல்லிப் பாருங்கள், முழிப்பார். சிமுலேட்டர் என்றால் "அந்த ஸ்டியரிங் வெச்ச கேமா?" என்று உடனே கேட்பார். புரியாதது மட்டும்தான் குறை என்றால் பழகப் பழகச் சரியாகிவிடும். ஆனால் இந்தச் சொல் பொருளையே புரட்டிப் போடுகிறது.

முதலில் வேரை முடித்துவிடலாம். இலத்தீனில் சிமிலிஸ் என்றால் ஒத்தது. அதன் வழி வந்த சிமுலாரே என்பதற்கு ஒப்பச் செய்தல், பாசாங்கு செய்தல் என இரண்டு பொருளும் உண்டு. பிரெஞ்சில் சிமுலே என்பது நோய் வந்ததுபோல் நடிப்பதையும் குறிக்கும். சிமுலேட்டருக்கு அங்கே சிமுலாத்தேர். ஆங்கிலத்தில் உவமையைக் குறிக்கும் சிமிலி என்ற சொல்லுக்கும் வேர் இதேதான்.

அந்தக் கடைசிச் செய்தியில்தான் சிக்கலே இருக்கிறது. உவமைக்கு உறவான சொல்லை நம் மொழிபெயர்ப்பாளர்கள் உருவகத்துக்குக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். 'மதி போன்ற முகம்' உவமை, 'முகமதி' உருவகம் என்று பள்ளியில் எல்லோரும் படித்ததுதான். உவமையில் இரண்டு பொருளும் தனித்தனியே நிற்கும். உருவகத்தில் வேற்றுமை போய் இரண்டும் ஒன்றாகிவிடும். சிமுலேட்டர் காரைப் போன்றது, கார் ஆகாது. 'போன்ற' என்பதை மறந்தவன் சாலையில் போய் முட்டுவான்.

எந்த அளவுக்குப் 'போன்ற'து என்று கேட்டால், அதற்கும் நம்மிடம் அளவுகோல் இருக்கிறது. 'வினைபயன் மெய்உரு என்ற நான்கே வகைபெற வந்த உவமத் தோற்றம்' என்று தொல்காப்பியம் நான்காகப் பிரிக்கிறது. செயலால் ஒத்தல், விளைவால் ஒத்தல், வடிவால் ஒத்தல், நிறத்தால் ஒத்தல். பந்தய சிமுலேட்டர்களை ஒப்பிட இதைவிடத் தெளிவான வரிசை எனக்குத் தெரியவில்லை.

உருவை, அதாவது நிறத்தை, எடுத்துக்கொள்வோம். போனில் ஓடும் 'பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா' என்ற விளையாட்டில் நம்மூர் அரசுப் பேருந்துக்கு உள்ள பெயின்ட், போர்டு, ஹாரன் எல்லாவற்றையும் பையன்கள் ஏற்றிவிடுகிறார்கள். பார்த்தால் அப்படியே கடலூர் பஸ் ஸ்டாண்டு. ஆனால் போனைச் சாய்த்துத் திருப்புவதற்கும் பேருந்து ஸ்டியரிங்கைத் திருப்புவதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பெயரில் சிமுலேட்டர் இருந்தாலும் ஒப்பு நிறத்தோடு நின்றுவிடுகிறது. அதை விளையாட்டு என்றே சொல்லலாம், தப்பில்லை.

வினையால் ஒப்பவை வேறு சாதி. 2008-ல் வந்த ஐரேசிங், 2014-ல் முழுமையாக வெளியான அசெட்டோ கோர்சா போன்ற கணினிப் பந்தய சிமுலேட்டர்கள் டயர் எவ்வளவு சூடாயிற்று, பிரேக் பிடிக்கும்போது எடை முன்சக்கரத்துக்கு எப்படி மாறுகிறது என்றெல்லாம் கணக்குப் போடுகின்றன. பந்தயத் தடத்தை லேசரால் அளந்து மேடுபள்ளத்தோடு தருகின்றன. ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பழைய தடம் 20.8 கிலோமீட்டர். அதன் வளைவுகளை வில்லியனூரில் உட்கார்ந்தே மனப்பாடம் செய்துவிடலாம். கிரான் டூரிஸ்மோ என்ற கார் பந்தய விளையாட்டு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதை ஆடியவர்களிலிருந்து நிஜப் பந்தயத்துக்கு ஆள் எடுத்த ஜிடி அகாடமி 2008-ல் தொடங்கியது. முதல் ஆண்டு வென்ற லூக்காஸ் ஒர்தோன்யெஸ் 2011-ல் பிரான்சின் 'ல மான்' 24 மணி நேரக் கார் பந்தயத்தில் தன் பிரிவில் இரண்டாவதாக வந்தார். ஐரேசிங்கில் தொடங்கிய வில்லியம் பைரன் 2024, 2025 இரண்டு ஆண்டும் அமெரிக்காவின் டேடோனா 500 கார் பந்தயத்தை வென்றார். எனவே பயனால் ஒத்தல் வெறும் பேச்சில்லை.

ஆனால் அந்தப் பயன் பாதிதான் கைக்கு வரும். எந்த இடத்தில் பிரேக், எங்கே பார்வை, பிரேக்கை எப்படிப் படிப்படியாக விடுவது, பின்சக்கரம் வழுக்கினால் ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்புவது, இவை வரும். உடம்பில் இழுப்பு வராது. நிஜக் காரில் பின்பக்கம் வழுக்கத் தொடங்குவதை இடுப்பும் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பும்தான் முதலில் சொல்லும். வீட்டு சிமுலேட்டரில் அந்தச் செய்தியைக் கண்ணும் கையும் மட்டுமே வாங்குகின்றன, அதனால் திருத்தம் ஒரு நொடிப்பொழுது பிந்துகிறது. இருக்கையோடு ஆடும் மேடை வாங்கினாலும் இது முழுதாகத் தீராது. மேடையை 30 பாகை சாய்த்தால் கிடைப்பது புவியீர்ப்பில் பாதியளவு தள்ளல். நல்ல டயர் உள்ள சாதாரணக் காரே உலர்ந்த சாலையில் முழு பிரேக்கில் அதைவிட அதிகம் தள்ளும்.

கருவியை அமைக்கும் விதத்திலும் ஒப்பு கெடும். மலிவான பெடல், கால் எவ்வளவு தூரம் போனது என்று அளக்கிறது. நிஜ பிரேக்கில் கால் கொஞ்சம் போனதுமே பிடித்துவிடும், அதற்குமேல் எல்லாம் அழுத்தம்தான். அழுத்தத்தை அளக்கும் லோட்செல் பெடல் இருந்தால் கால் சரியான பாடம் படிக்கும். ஆனால் அதை ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து மிதித்தால் நாற்காலி பின்னால் ஓடும். நாற்காலிச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைத்துவிட்டுத்தான் அளவு வைக்க வேண்டும். ஸ்டியரிங் சுழற்சி 900 பாகை என்றால் மென்பொருளிலும் 900 இருக்க வேண்டும். பல்சக்கரம் வைத்த ஸ்டியரிங் சுமார் 2 நியூட்டன் மீட்டர் எதிர்விசை தரும். மோட்டார்த் தண்டில் நேராகப் பூட்டியது ஆரம்ப விலையிலேயே சுமார் 4 முதல் 8 வரை தரும். எல்லாவற்றிலும் அதிகம் தவறுவது பார்வைக்கோணம், அதாவது திரையில் எவ்வளவு அகலமான காட்சி தெரிய வேண்டும் என்ற கணக்கு. 27 அங்குலத் திரை, கண்ணிலிருந்து 60 செ.மீ. என்றால் கிடையாக 53 பாகை, செங்குத்தாக 31. அசெட்டோ கோர்சா கேட்பது செங்குத்துக் கணக்கு. அகலமாகத் தெரியட்டும் என்று கூட்டி வைத்தால் வளைவு தூரத்தில் இருப்பதுபோல் தோன்றி பிரேக் தாமதமாகும்.

இனி ரெட்டிச்சாவடி பக்கம் எதிர்த்திசையில் வரும் டூவீலர், மழை நின்றதும் கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்தில் சேரும் மணல், இவற்றை எந்தப் பந்தய சிமுலேட்டரும் கற்றுத் தருவதில்லை. பந்தயத் தடத்தில் எல்லோரும் ஒரே பக்கம்தான் போவார்கள்!

இவ்வளவு வேற்றுமை உள்ளதைத்தான் 'வேற்றுமை ஒழிந்தது' என்று பொருள்படும் சொல்லால் அழைக்கிறோம். 2021-ல் வந்த மத்திய விதிகள் அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையங்களில் சிமுலேட்டர் இருக்க வேண்டும் என்கின்றன. அதோடு தனி ஓட்டத் தடத்தையும் கேட்கின்றன. விதி எழுதியவருக்கு உவமை எது, உருவகம் எது என்று தெரிந்திருக்கிறது.

'பாவனையாக்கி' என்று ஒரு கட்சி. பாசாங்கு என்ற பழம்பொருள் அதில் இருப்பதால் அதை ஒரேயடியாகத் தள்ள மாட்டேன். ஆனால் இலங்கைத் தமிழில் பாவனை என்றால் பயன்பாடு, பாவனையாளர் என்றால் பயனர். யாழ்ப்பாணத்துக்காரர் அதை வேறு எதுவாகவோ படிப்பார். 'போலி' என்று தொடங்கும் ஆக்கங்களும் உண்டு. இலக்கணத்தில் நல்ல சொல்தான். ஆனால் 'போலி ஓட்டு' என்று யாராவது எழுதிவிட்டால் தேர்தல் துறை வந்து நிற்கும். 'ஒத்திகைப் பொறி' அழகு. புயல் ஒத்திகை பார்த்துப் பழகிய கடலூருக்கு உடனே புரியும். ஆனால் புயலின் பாதையைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும்போது அங்கே யார் எதை ஒத்திகை பார்க்கிறார்கள்? பொறிக்குப் பொருந்துவது கணக்குக்குப் பொருந்தவில்லை.

என் வாக்கு 'ஒப்பியக்கம்', 'ஒப்பியக்கி'. ஒப்பும் இயக்கமும் சேர்ந்தது. வினையால் ஒத்தல் என்பதைச் சொல்லே சொல்லிவிடுகிறது, ஒன்றாகிவிட்டது என்று அளக்கவில்லை. மென்பொருள் டிரைவருக்கு ஏற்கெனவே இயக்கி என்கிறோமே, குழம்பாதா என்று கேட்கலாம். முன்னால் ஒப்பு நிற்கிற வரை குழம்பாது. வினையாக 'ஒப்பியக்கு' என்றே எழுதலாம்: விபத்தை ஒப்பியக்கிப் பார்த்தார்கள். 'ஒப்பியக்கம் செய்தல்' என்று இழுக்கத் தேவையில்லை. கடைப் பலகைக்கு 'பந்தய ஒப்பியக்கி' போதும். அதுவும் வாயில் நுழையவில்லை என்றால் சிமுலேட்டர் என்றே எழுதுங்கள், உருவகத்தை மட்டும் அணியிலக்கணத்துக்கே விட்டுவிடுங்கள்.