குடியைக் குறைக்க ஆன்லைன் சிகிச்சை: கொடுத்த காசுக்குப் பலன் உண்டா?

நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில் யெல்லினெக் என்றொரு போதை சிகிச்சை நிறுவனம் இருக்கிறது. அங்கே அளவு மீறிக் குடிக்கும் 205 பேரைக் குலுக்கல் முறையில் மூன்று குழுக்களாகப் பிரித்து ஒரு ஆய்வு நடத்தினார்கள். முதல் குழுவினர் இணையத்தில் ஒரு தெரபிஸ்டுடன் சாட் செய்யலாம். இரண்டாவது குழுவுக்கும் இணையத்தில்தான் பயிற்சி, ஆனால் மறுமுனையில் ஆள் கிடையாது. வலைத்தளம் சொல்வதைப் படித்துத் தானாகச் செய்துகொள்ள வேண்டும். மூன்றாவது குழு காத்திருப்போர் பட்டியலில். ஆள் இல்லாத திட்டம்தான் மலிவு என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் 2012ல் வெளியான செலவுக் கணக்கில், கொடுத்த காசுக்குக் கூடுதல் மதிப்புத் தந்ததாக வந்தது தெரபிஸ்ட் உள்ள திட்டம்.

அது எப்படி என்று பார்க்குமுன், இந்தச் சிகிச்சையில் என்னதான் நடக்கிறது? முதல் வேலை நாட்குறிப்பு. என்றைக்கு, எத்தனை கிளாஸ், எங்கே, யாரோடு, அப்போது மனநிலை எப்படி என்று தினமும் பதிய வேண்டும். ஒன்றிரண்டு வாரத்தில் திரையில் ஒரு வரைபடம் எழும்பும். செவ்வாய், புதன் தட்டையாக இருக்கும், வெள்ளிக்கிழமை மட்டும் கோபுரமாக நிற்கும். தெரபிஸ்ட் அங்கேதான் பிடிப்பார்: "வேலை முடிந்து வீட்டுக்கு வரும் வழியில் என்ன நடக்கிறது?" அந்த ஒரு மணி நேரத்துக்கு மாற்று ஏற்பாடு என்ன, நண்பர் கூப்பிட்டால் எப்படி மறுப்பது, ஒருநாள் தவறிப்போனால் மறுநாள் என்ன செய்வது என்று பேச்சு போகும். கிளினிக்கில் நேரில் செய்யும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையின் அதே சரக்குதான், எழுத்தில் நடக்கிறது. கிளினிக் வாசலில் தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுவோமோ என்ற பயம் இல்லை என்பது பலருக்குப் பெரிய விஷயம்.

சரி, கணக்குக்கு வருவோம். இதில் பலரும் சறுக்கும் ஒரு இடம் உண்டு. கணக்கு புரிவதற்காக மட்டும் சில எண்களை வைத்துக்கொள்வோம். ஆள் இல்லாத திட்டத்துக்குத் தலைக்கு 100 யூரோ செலவு, 100 பேரில் 20 பேர் தேறுகிறார்கள். தெரபிஸ்ட் திட்டத்துக்குத் தலைக்கு 400 யூரோ, 30 பேர் தேறுகிறார்கள். 40,000 யூரோவை 30ஆல் வகுத்து, தேறியவர் ஒருவருக்கு 1,333 யூரோ என்று சொல்லத் தோன்றும். அது தப்பு. அந்த 30 பேரில் 20 பேரை மலிவான திட்டமே தேற்றியிருக்கும். கேட்க வேண்டியது, கூடுதலாகப் போட்ட 30,000 யூரோ கூடுதலாக எத்தனை பேரைத் தேற்றியது என்பதுதான். பத்துப் பேரை. அப்படியானால் கூடுதலாகத் தேறும் ஒவ்வொருவருக்கும் 3,000 யூரோ.

ஆம்ஸ்டர்டாம் ஆய்வில் நிஜமாக வந்த எண் 3,683 யூரோ. தெரபிஸ்ட் சம்பளம், சர்வர் செலவு மட்டும் வைத்துப் போட்ட கணக்கல்ல இது. சமூகம் முழுக்க ஏற்கும் செலவைப் பார்க்கும் கணக்கு. வேலைக்கு மட்டம் போடுவதால் ஆகும் நஷ்டமெல்லாம் இதில் சேரும்.

ஆனால் ஒருவர் குடியைக் குறைக்க 3,683 யூரோ தருவது நியாயமா, அநியாயமா? இதய அறுவை சிகிச்சைக்கும் கண்புரைக்கும் குடிக்கும் பொதுவாக ஒரு அளவுகோல் இருந்தால்தானே ஒப்பிட முடியும்? அதற்காகச் சுகாதாரப் பொருளாதாரம் வைத்திருக்கும் அலகு குவாலி. முழு நலத்தோடு வாழ்ந்த ஒரு வருடம் ஒரு குவாலி. பாதி நலத்தோடு இரண்டு வருடம் வாழ்ந்தாலும் ஒரு குவாலிதான். நலத்தை அளக்க வழக்கமாக ஐந்து கேள்விகள் கொண்ட ஒரு படிவம் உண்டு: நடமாட்டம், தன்னைத் தானே கவனித்துக்கொள்வது, அன்றாட வேலை, வலி, மனக்கவலை. அந்தக் கணக்கில் தெரபிஸ்ட் திட்டம் கூடுதலாகத் தந்த ஒவ்வொரு குவாலிக்கும் ஆன செலவு 14,710 யூரோ. ஒரு குவாலிக்கு 20,000 யூரோ வரை தரலாம் என்று வைத்துக்கொண்டால் இது கட்டுப்படியாகிறது.

அடுத்த எண்ணையும் பார்த்துவிட வேண்டும். அந்த 20,000 யூரோ வரம்பில், தெரபிஸ்ட் திட்டமே மேல் என்பதற்கான வாய்ப்பு 60 சதவீதம். பங்கேற்றவர்களின் தரவைக் கணினி திரும்பத் திரும்பக் கலைத்து எடுத்து, ஒவ்வொரு முறையும் கணக்கைப் புதிதாகப் போட்டுப் பார்க்கும். நூற்றுக்கு அறுபது முறை தெரபிஸ்ட் திட்டம் ஜெயித்தது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். மீதி நாற்பது முறை இல்லை. என்னைக் கேட்டால், இதை வைத்து ஒரு அரசு பட்ஜெட் போடலாம், ஆனால் சத்தியம் செய்யக் கூடாது. ஒப்பிட்ட இரண்டு குழுக்களையும் சேர்த்து 136 பேர்தான்.

ஆள் இல்லாத வலைத்தளங்கள் வீண் என்றும் இதற்கு அர்த்தமில்லை. நெதர்லாந்திலேயே 261 பேரை வைத்து நடந்து 2008ல் வெளியான இன்னொரு ஆய்வில், இணைய சுயஉதவித் திட்டத்தில் இருந்தவர்களில் 17.2 சதவீதத்தினர் ஆறு மாதத்தில் பாதுகாப்பான வரம்புக்குள் வந்தார்கள். வெறும் தகவல் கையேடு கிடைத்தவர்களில் 5.4 சதவீதம். பலன் சிறியதுதான். ஆனால் வலைத்தளத்துக்குப் பத்தாயிரமாவது ஆள் வந்தாலும் கூடுதல் செலவு அநேகமாக இல்லை. தெரபிஸ்டின் ஒரு மணி நேரம் ஒருவருக்குத்தான்.

பிரிட்டனில் வேறு கதை நடந்தது. 7,935 பேர் கலந்துகொண்ட பெரிய ஆய்வு, 2011ல் வெளியானது. ஊடாடும் வசதிகள் நிறைந்த வலைத்தளம் ஒரு குழுவுக்கு, வெறும் தகவல் பக்கங்கள் மறு குழுவுக்கு. மூன்று மாதத்தில் வாரத்துக்குச் சுமார் 46 யூனிட்டாக (ஒரு யூனிட் என்பது 10 மில்லிலிட்டர் சுத்த ஆல்கஹால்) இருந்த குடி 26 ஆனது. கேட்க அருமை. ஆனால் இரண்டு குழுவிலும் ஏறக்குறைய அதேதான்! மனிதர்கள் தங்கள் குடி உச்சத்தில் இருக்கும்போதுதான் உதவி தேடுகிறார்கள். அங்கிருந்து கொஞ்சம் தானாகவே இறங்கும். வாரம் எவ்வளவு குடிக்கிறோம் என்று படிவத்தில் எழுதும்போதே சிலருக்கு உறைக்கும். அதனால் "எங்கள் ஆப் போட்டவர்கள் குடியைப் பாதியாகக் குறைத்தார்கள்" என்ற விளம்பரத்தைப் பார்த்தால், எதோடு ஒப்பிட்டு என்று கேளுங்கள். ஒப்பீடு இல்லாவிட்டால் அந்தப் பெருமை ஆப்புக்குச் சேராது.

நேரில் பார்ப்பதோடு ஒப்பிட்டால்? ஸ்டாக்ஹோமில் 301 பேரை வைத்துப் பார்த்தார்கள், 2021ல் முடிவு வந்தது. எல்லோருக்கும் அதே ஐந்து பாடங்கள். பாதிப்பேருக்கு இணையத்தில், பாதிப்பேருக்கு நேரில், இரண்டிலும் தெரபிஸ்ட் துணை. ஆறு மாதம் கழித்து இணையக் குழு வாரத்துக்கு 12.3 கிளாஸ், நேர்ச் சிகிச்சைக் குழு 11.4 கிளாஸ். ஐந்து கிளாஸுக்கு மேல் வித்தியாசம் இருந்தால்தான் இணையம் மட்டம் என்று முன்கூட்டியே முடிவு செய்திருந்தார்கள். அந்த வரம்புக்குள் வசதியாக நின்றுவிட்டது.

ஒரு விஷயத்தில் மட்டும் விலை பேசக் கூடாது. விடிந்ததும் குடித்தால்தான் கை நடுக்கம் நிற்கிறது என்ற நிலையில் இருப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், சித்தம் கலங்கலாம், உயிரே போகலாம். அவருக்கு மருத்துவமனைதான், சாட் அல்ல.

இந்தக் கணக்குகளில் எனக்கு உறுத்தும் குறை ஒன்று உண்டு. அந்த ஐந்து கேள்விப் படிவத்தைக் குடிப்பவரிடம் மட்டும்தான் நீட்டுகிறார்கள். ராத்திரி அவர் எப்படி வருவாரோ என்று விழித்திருக்கும் மனைவியின் மனக்கவலை எந்தக் குவாலியிலும் ஏறுவதில்லை. அதையும் சேர்த்துப் போட்டால் அந்த 14,710 யூரோ இன்னும் இறங்கும் என்றே நினைக்கிறேன்.